எட்டு பிளாப்பியும் ஒரு பலா மரமும்

கணக்கு வராதவன் செய்யும் தப்பில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அவனுக்கே சந்தேகம் இருக்கும், பக்கத்தில் இருப்பவருக்கும் சந்தேகம் இருக்கும், யாராவது ஒருவர் பார்த்துத் திருத்திவிடுவார். கணக்கு வந்தவன் தப்புச் செய்தால்தான் ஆபத்து. அவனை யாரும் சரிபார்ப்பதில்லை. நான் இந்த இரண்டாவது வகை. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வகுப்பு. (இதை நானாக யாரிடமும் சொல்வதில்லை. அவர்களாகக் கேட்காவிட்டால் மட்டும் சொல்வேன்.)

2001-ஆம் வருடம். கொல்லிமலைச் செம்மேட்டில் ஒரு தொண்டு நிறுவனம் மலை விவசாயிகளுக்காகத் தகவல் மையம் ஒன்றைத் திறந்தது. பெயர்தான் மையம். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு கரும்பலகை, ஒரு டெலிபோன், டெலிபோன் கம்பி வழியாகக் கம்ப்யூட்டரை வெளியூருடன் பேசவைக்கும் மோடம் என்ற பெட்டி ஒன்று. இவ்வளவுக்கும் பொறுப்பாளர் நான். வயது இருபத்து மூன்று. காரவள்ளிக்காரன். மலையடிவாரத்தில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கம்ப்யூட்டரைத் தொட்டவன் என்பதால், எங்கள் ஊட்டில் என்னிடம் யாரும் மாடு பிடித்துக் கட்டக்கூடச் சொல்வதில்லை. அந்த மரியாதையை நான் அப்படியே மலைக்கும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன்.

மையத்தின் வாசலில் ஒருநாள் ஓர் அறிவிப்பு ஒட்டினேன். நாமக்கல் பக்கமிருந்த ஓர் ஆராய்ச்சி நிலையம் மலையில் நல்ல பலா மரங்களைத் தேடிக்கொண்டிருந்தது. பட்டியலில் சேரும் மரத்திலிருந்து ஒட்டுக்கன்று எடுப்பார்கள். அந்த மரத்தை யாரும் வெட்டக்கூடாது என்று கடிதமும் தருவார்கள். மரத்தின் போட்டோக்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கூடும் கமிட்டிக்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு உள்ளே வந்தவர்தான் வெள்ளையம்மா அக்கா. தேவனூர் நாட்டுக்காரர் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு). நாற்பது வயதிருக்கும்.

"ஏனுங்க சார், அந்தக் கடுதாசி குடுத்தா, மரத்த வெட்ட வாரவன் நின்னுருவானுங்களா?"

"நின்னுதானே ஆவோணுங்க அக்கா. கவர்மென்ட் கடுதாசி."

அக்கா வீட்டுக் காட்டில் ஒரு பலா மரம். அதன் சுளையைத் தின்றவர்கள் வேறு பலாவைத் தின்னும்போது முகத்தைச் சுளிப்பார்களாம். அந்த மரத்தை அக்காவின் கொழுந்தன், பாகத்தில் தனக்கும் பங்குண்டு என்று, அடிவாரத்து மர வியாபாரி ஒருவரிடம் கை நீட்டி அட்வான்ஸ் வாங்கி விற்றிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தோடு ஆள் வருவதாகப் பேச்சு. அக்காவின் வீட்டுக்காரர் தம்பியோடு சண்டை எதற்கு என்று வாயைத் திறக்காதவர். ஆக, அந்த மரத்துக்கு இருந்த ஒரே நாதி வெள்ளையம்மா அக்கா. அக்காவுக்கு இருந்த ஒரே நாதி நான்.

புதன்கிழமை போட்டோ எடுக்கப் போனேன். நிறுவனம் இரவல் கொடுத்திருந்த கேமரா, படத்தை நேரே பிளாப்பியில் பதிக்கும் ரகம். பிளாப்பி என்பது உள்ளங்கை அகலத்தில் சதுரமாக ஒரு பிளாஸ்டிக் தகடு. இந்தக் காலத்துப் போன் எடுக்கும் ஒரு போட்டோவுக்குக்கூட அதில் இடம் பத்தாது. எட்டு பிளாப்பி நிறையப் படம் எடுத்தேன். சரியாகச் சொன்னால், அக்காவின் மகன் எடுத்தான், நான் ஒவ்வொரு படத்திலும் நின்றேன். மரம் எவ்வளவு பெரிது என்று தெரிய வேண்டுமானால் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது விஞ்ஞானம். (புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனது தற்செயல்.)

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கெல்லாம் அக்கா மையத்துக்கு வந்துவிட்டார். தலையில் சும்மாட்டின் மேல் ஒரு பலாப்பழம். பத்தரை மணி பஸ்ஸுக்கு நாமக்கல் போகக் கிளம்பி வந்திருந்தார்.

"சார், அந்தத் தகட்டக் குடுத்தீங்கன்னா நானே கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு வந்துர்றனுங்க. பழத்தையும் காட்டிட்டு வாரேன்."

மலையில் எதை அனுப்பவும் பஸ்தான். மாத்திரை, கல்யாணப் பத்திரிகை, கோழி, ரேஷன் கார்டு எல்லாம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இறங்கிப் போகும். நான் அந்த வழக்கத்தை ஒழிப்பதற்காகவே அனுப்பப்பட்டவன் என்று எனக்கு ஓர் எண்ணம். சிரித்தேன்.

"எதுக்குங்க அக்கா எழுபது வளைவு இறங்கோணும்? கம்பியில அனுப்பிரலாம். பத்து நிமிசம்."

இந்தப் பத்து நிமிடத்தை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். அன்றைக்குப் போட்ட கணக்கு இன்றும் மனப்பாடமாக இருக்கிறது. ஒரு பிளாப்பியிலிருந்து படங்கள் கம்ப்யூட்டருக்குள் போக நாற்பத்தைந்து விநாடி ஆனது. ஒரு பிளாப்பியில் ஆயிரத்து நானூற்று நாற்பது கிலோ தகவல் பிடிக்கும், அப்படியென்றால் அதன் வேகம் விநாடிக்கு முப்பத்திரண்டு கிலோ. மோடம் பெட்டியின் மேல் கம்பெனிக்காரனே போட்டிருந்தான், வேகம் முப்பத்து மூன்று புள்ளி ஆறு கிலோ. முப்பத்திரண்டைவிட முப்பத்து மூன்று பெரிது. ஆகவே பிளாப்பியைவிடக் கம்பி ஒரு பிடி வேகம். எட்டு பிளாப்பிக்கு ஆறு நிமிடம். மோடம் கரகரவென்று கத்திக் குரலைச் சரிசெய்துகொள்ள நாலு நிமிடம். மொத்தம் பத்து.

அக்காவுக்கும் இதை விளக்கினேன். பேப்பரில் எழுதியே காட்டினேன். அவர் பழத்தை இறக்கிவைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏனுங்க சார், தகட்டுக்காரன் வள்ளமும் போன்காரன் வள்ளமும் ஒண்ணுதானுங்களா?"

"வள்ளமா?"

"இல்லீங்க, நாங்க மேல ராகி அளக்கற வள்ளம் வேற, கீழ சந்தையில அவிய வெச்சிருக்கற வள்ளம் வேற. பத்து வள்ளம்னு எவனாச்சும் சொன்னா, எந்த ஊட்டு வள்ளம்னுதானுங்க மொதல்ல கேப்போம்."

கொல்லிமலையில் சின்னக் குழந்தைகூடக் கேட்கும் கேள்வி அது. அளவு என்று வந்துவிட்டால் எண்ணை நம்ப மாட்டார்கள், எதை வைத்து அளந்தாய் என்று பார்ப்பார்கள். மூன்று வருடம் கல்லூரியில் படித்த எனக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரியவில்லை.

"கம்ப்யூட்டர்ல அதெல்லாம் கெடையாதுங்க அக்கா. ஒலகம் பூரா ஒரே அளவுதான்" என்றேன். இதைவிட முட்டாள்தனமான ஒரு வாக்கியத்தை நான் இன்றுவரை சொன்னதில்லை. என் மனைவி இதை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

பத்தரை மணி பஸ் போனது. கண்டக்டர் ஜன்னலில் தலையை நீட்டி, "ஏனுங்க, ஏதாச்சும் குடுத்துவிடறதுங்களா?" என்று கேட்டார். இல்லை என்று கையை ஆட்டினேன். பத்து நிமிட வேலைக்கு அப்போதே அவசரம் காட்டுவது என் படிப்புக்கு அழகாகப் படவில்லை. படங்களுக்கு ஒழுங்காகப் பெயர் வைத்தேன். ஒரு படத்தின் ஓரத்தில் மையத்தின் பெயரையும், அதற்குக் கீழே கொஞ்சம் பெரிய எழுத்தில் என் பெயரையும் சேர்த்தேன். சாப்பிட்டேன். ஒரு மணி பஸ்ஸும் போனது. அக்கா அந்தப் பஸ் கண்ணுக்கு மறைகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார். பழத்தை வெயில் படாத இடத்துக்கு நகர்த்தி வைத்தார்.

சரியாக மூன்று மணிக்கு மோடத்தைத் தட்டினேன். அது கத்தியது, கனைத்தது, ஒருவழியாக ஆராய்ச்சி நிலையத்துக் கம்ப்யூட்டரைப் பிடித்தது. அனுப்பு என்ற பொத்தானை, ரிப்பன் வெட்டுகிற மந்திரி மாதிரி அழுத்தினேன். திரையில் ஒரு நீலப் பட்டை வந்தது. பட்டைக்குக் கீழே இன்னும் எவ்வளவு நேரம் என்று காட்டும் எழுத்து வந்தது.

இரண்டு மணி நாற்பத்தெட்டு நிமிடம்.

"ஆச்சுங்களா சார்?"

"மொதல்ல இப்படித்தானுங்க அக்கா காட்டும். போகப் போகக் கொறைஞ்சுரும்."

குறையத்தான் செய்தது. ஒரு நிமிடத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் குறைந்தது. மூன்று ஐந்துக்கு இரண்டு மணி நாற்பத்து மூன்று நிமிடம் என்றது. திரையின் பக்கவாட்டில் தட்டினேன். மோடத்தைத் துணியால் துடைத்தேன். டெலிபோன் ஒயரின் முறுக்கை எடுத்துவிட்டேன். (தண்ணீர்க் குழாயில் அடைப்பு எடுத்துப் பழகிய குடும்பம்.) ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு போன் போட்டு, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லலாமா என்று பார்த்தால், இருக்கிற ஒரே லைனில் படம் போய்க்கொண்டிருக்கிறது. பேச வேண்டுமென்றால் படத்தை நிறுத்த வேண்டும். படம் போக வேண்டுமென்றால் பேசக்கூடாது.

வியர்த்துவிட்டது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தலைக்கு மேலே பார்த்தார்.

"தம்பி" என்றார். காலையிலிருந்து சார் என்று கூப்பிட்டவர், முதன்முறையாகத் தம்பிக்கு இறக்கினார். "அந்தப் பலகையில எட்டுன்னு போட்டிருக்குதே, அது என்னங்க?"

திரும்பிப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமைதோறும் நான் எடுக்கும் வகுப்பின் முதல் பாடம் கரும்பலகையில் அழிக்கப்படாமல் இருந்தது. என் கையெழுத்துதான். 'ஒரு பைட் = எட்டு பிட்'. அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன், முக்கியம் என்று.

பிளாப்பியைப் பைட்டில் அளப்பார்கள். கம்பியைப் பிட்டில் அளப்பார்கள். பிளாப்பியின் முப்பத்திரண்டு பெரிய வள்ளம். மோடத்தின் முப்பத்து மூன்று புள்ளி ஆறு, அதில் எட்டில் ஒரு பங்குள்ள சின்ன வள்ளம். எட்டால் வகுத்தால் மோடத்துக்கு விநாடிக்கு நாலே சொச்சம்தான். நான் எதையும் வகுக்கவில்லை. இரண்டு ஊர் வள்ளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்ணைப் பார்த்து, போன்காரன் ஜெயித்தான் என்று அறிவித்துவிட்டேன். அதன்படி அந்த ஆறு நிமிடம், நாற்பத்தெட்டு நிமிடமாக ஆகியிருக்க வேண்டும். மிச்சம் மூன்றரை மடங்கு மலைக்கம்பியின் உபயம். அது பெட்டியில் போட்டிருந்த வேகத்துக்கு வரவே முடியாமல் ஒன்பது புள்ளி ஆறிலேயே திணறிக்கொண்டிருந்தது. ஆனால் இந்த இருபத்தைந்து வருடத்தில் அந்தக் கம்பியை ஒருவர்கூடக் கிண்டல் செய்ததில்லை.

"அக்கா, தப்புப் பண்ணிப்போட்டனுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"நாலு மணிக்குப் போயிருமா, போவாதா?"

"போவாதுங்க. ஆறு மணி ஆயிரும்."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற ரம்பச் சத்தம் எனக்கே கேட்டது. பிறகு அக்கா சும்மாட்டைச் சுற்றினார். பழத்தைத் தூக்கித் தலையில் வைத்தார்.

"எந்திரிங்க தம்பி. கிழங்கு லாரி ஒண்ணு நிக்குது. தகட்ட எடுங்க."

இணைப்பைத் துண்டித்து நிலையத்துக்குப் போன் போட்டேன். எடுத்தவர், கமிட்டி நாலு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடியும், அதற்குள் முடிந்தால் வாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். எட்டு பிளாப்பியையும் சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலுமாகத் திணித்துக்கொண்டு ஓடினேன். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி. முன்னால் டிரைவர், நடுவில் பலாப்பழத்தை மடியில் வைத்த அக்கா, கதவோரம் நான்.

மலையடிவாரத்துக்காரன் என்றாலும் எனக்கு அந்த ரோடு ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸில் கண்ணை மூடித் தூங்கிச் சமாளித்துவிடுவேன். லாரியில் மூட முடியவில்லை. ஐம்பத்தெட்டாவது வளைவில் வயிற்றைப் பிடித்தேன். நாற்பத்தொன்றில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். முப்பத்து மூன்றில் மறுபடி நிறுத்தினார். இருபதில் அவர் நிறுத்தவில்லை. நான் கதவு ஜன்னலிலேயே முடித்துக்கொண்டேன்.

"கண்ணு, இந்தா, இந்தப் புளியங்கொட்டய வாயில போட்டு அதக்கு" என்றார் அக்கா. காலையில் சார், மத்தியானம் தம்பி, சாயங்காலம் கண்ணு. ஒரே நாளில் அவ்வளவு தூரம் இறங்கியிருந்தேன்.

"இன்னும் எவ்வளவு நேரமாகும்னு நெனைக்கறே கண்ணு?"

"பத்து நிமிசத்துல அடிவாரம் வந்துருமுங்க."

அக்கா டிரைவர் பக்கம் திரும்பினார். "இவுரு பத்துன்னா எட்டால பெருக்கிக்கோணுமுங்க" என்றார். டிரைவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சிரித்தார். அந்த ரோட்டில் அது செய்யக்கூடிய காரியமல்ல.

நிலையத்துக் கேட்டில் இறங்கியபோது ஐந்து ஐம்பது. கமிட்டி முடிந்து, டீ குடித்துவிட்டு, ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கமிட்டித் தலைவி ஓர் அதிகாரியம்மா, கண்ணாடி போட்டவர். நான் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சொன்னேன். பைட், பிட், வள்ளம், வாந்தி எல்லாம் அதில் வந்தது. பட்டியலில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றார் அவர். அக்காவின் முகத்தைப் பார்த்தவர், சரி, படத்தையாவது காட்டு என்று உள்ளே கூட்டிப்போனார்.

முதல் பிளாப்பி ஓடியது. திரையில் நான். இடுப்பில் கை வைத்திருந்தேன். இரண்டாவது படம். நான், பக்கவாட்டில். மூன்றாவதில் மரத்தில் சாய்ந்திருந்தேன். நாலாவதில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் எங்கோ பலாக்காய்கள் இருந்திருக்க வேண்டும்.

"தம்பி, மரம் எங்க?" என்று கேட்டார் அதிகாரியம்மா.

அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஐந்தாறு பேரும் சிரித்தார்கள். மூன்று மணிக்கு அனுப்பி மூன்று பத்துக்கே அந்தப் படங்கள் வந்து சேர்ந்திருந்தாலும், கமிட்டி என்னைத்தான் ஒட்டுக்கட்டியிருக்கும்.

அக்கா பழத்தை மேசை மேல் வைத்தார். இடுப்பிலிருந்து கொடுவாளை எடுத்தார். நாமக்கல் ஆட்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். ஒரே வெட்டில் பழம் பிளந்தது. அறை முழுக்க வாசனை. அக்கா சுளையை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். டீ குடித்து முடித்தவர்கள் இரண்டாவது சுளைக்குக் கை நீட்டினார்கள். அதிகாரியம்மா நாலு சுளை தின்றார். பிறகு கை கழுவிவிட்டு வந்து, லெட்டர்பேடில் நாலு வரி எழுதினார். பட்டியல் இந்த வருடத்துக்கு முடிந்துவிட்டது, ஆனால் இந்த மரத்தை நிலையம் நேரில் வந்து பார்க்கப் போகிறது, அதுவரை யாரும் கை வைக்கக்கூடாது என்று. முத்திரையும் குத்தினார்.

அக்கா அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்தது. நான் அதைச் சட்டைக் கையில் துடைத்தேன். அந்தச் சட்டைக் கை அன்றைக்குத் துடைக்க ஏற்ற நிலையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தோடு வந்தவர்கள் முத்திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கொழுந்தன் ஒரு மாதம் முறைத்துக்கொண்டு இருந்தார். அடுத்த வருடம் அந்த மரம் பட்டியலில் ஏறியது.

எனக்குத்தான் விடிவு வரவில்லை. லாரி டிரைவர் கண்டக்டரிடம் சொன்னார். கண்டக்டர் பஸ்ஸுக்கே சொன்னார். அடுத்த சனிக்கிழமை நான் ஊட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே எங்கள் அம்மாவுக்குக் கதை தெரிந்திருந்தது. "அம்மா, அஞ்சு நிமிசத்துல சாப்பிட வாரேன்" என்றேன். அம்மா உலையில் அப்போதுதான் அரிசியைப் போட்டார். என் கல்யாணத்துக்கு வந்த வெள்ளையம்மா அக்கா, மணப்பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, குடும்பம் நடத்த வேண்டிய முக்கியமான கணக்கு இது என்று எட்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெளியே வந்து, இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆகிவிடும் என்று என்னிடம் சொன்னார். அந்த நேரம் பார்த்து வராந்தாவில் நான் மட்டும்தான் நின்றிருந்தேன். ஓடிப்போய் அம்மாவிடமும் மாமியாரிடமும் சொன்னேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எட்டு மணி நேரம் இருக்குதுங்க சம்பந்தி" என்றார் அம்மா. "ஊட்டுக்குப் போய்த் தண்ணி வாத்துக்கிட்டு, சோறாக்கிக் கொண்டுக்கிட்டு வந்துரலாம்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், நர்ஸ்தான் சொன்னார் என்று. "நர்ஸ் எத்தினின்னு சொல்லுச்சு, நீ எத்தினின்னு கேட்டயோ" என்று மாமியார் பையைத் தூக்கிக்கொண்டார். பஸ் ஏறிவிட்டார்கள். ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, வாங்குவதற்கு யாராவது பெரியவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்தார். நான்தான் இருந்தேன். என் மகளை இந்த உலகத்தில் முதலில் வாங்கியவன் நான்தான். எல்லாரும் வந்து சேரும்வரை ஐந்து மணி நேரம் அவள் எனக்கு மட்டுமே சொந்தமாக இருந்தாள்.

இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையை அவள்தான் சொல்கிறாள், முடிவையும் அவளே வைத்துக்கொள்கிறாள்.

"எங்கப்பா வாழ்க்கையில நேரத்தச் சரியாச் சொன்னது ஒரே ஒரு தடவைங்க. அன்னிக்கு அத நம்புனது நான் மட்டுந்தான். அதான் வந்து பொறந்துட்டேன்."